வினாகிரி ஆடையும் காயத்துப் படலமும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒருவர், வீட்டில் திறந்து வைத்த தென்னை வினாகிரிப் போத்தலில் வழுவழுவென்று ஓர் ஆடை மிதக்கிறது, எறிந்துவிடவா என்று கேட்டிருந்தார். அது வினாகிரிப் பற்றீரியா செய்த செலுலோசு, பயப்பட ஒன்றுமில்லை, இதையே சுத்தமாக வளர்த்துப் படலமாக்கி எரிகாயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் போடுகிறார்கள் என்று நாலு வரி எழுதினேன். அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதங்கள். ஆகவே இந்த மாதம் இது மட்டும்தான். ரோசாச் செடிக்குக் கறையான் மருந்து கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில், நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது உவர்மலை வீட்டின் பின்னறையில், கம்பஸ் முடித்த இரண்டு பிள்ளைகளோடு இந்தப் படலத்தை வளர்த்துப் பழகுகிறேன். விற்பதில்லை. யாருடைய உடம்பிலும் போடுவதுமில்லை. ஏன் போடுவதில்லை என்பது கீழே வரும்.

வினாகிரி ஆடையில் இருப்பது மரத்தில் இருக்கும் அதே செலுலோசா, மிஸ்? பற்றீரியா அதை எப்படிச் செய்யும்? எங்கள் புத்தகத்தில் இல்லை.
உயர்தர மாணவி, திருகோணமலை நகர்

அதேதான், மகள். குளுக்கோசு மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்த நீளச் சங்கிலி. மரத்திலும் பருத்தியிலும் இருப்பது இதுவே. வித்தியாசம் கூட ஒட்டிக்கொண்டிருப்பவற்றில்தான். மரத்துச் செலுலோசோடு இலிக்னினும் எமிசெலுலோசும் பின்னிக் கிடக்கும். பிரித்தெடுப்பது பெரிய ஆலை வேலை. பற்றீரியாவின் செலுலோசில் அந்த இரண்டும் இல்லை. கழுவ வேண்டியது பற்றீரியாவையும் அது தின்று மிச்சம் வைத்த சாப்பாட்டையும் மட்டும்தான்.

இதை முதலில் கண்டு எழுதியவர் இங்கிலாந்தின் ஏட்ரியன் ஜோன் பிரவுன், 1886 இல். வினாகிரி ஆடையைச் சோதித்து இது செலுலோசு என்று காட்டினார். அந்தப் பற்றீரியாவுக்கு இன்றைய பெயர் கொமகட்டைபற்றர் சைலினஸ். ஜப்பானிய நுண்ணுயிரியலாளர் கசுவோ கொமகட்டாவைக் கௌரவித்து வைத்தது. 2012 க்கு முந்திய கட்டுரைகளைத் தேடினால் இந்தப் பெயரில் அகப்படாது. அசெற்றோபற்றர் சைலினம் என்றும் குளுக்கொனசெற்றோபற்றர் என்றும் தேடிப் பார்.

செய்யும் விதம் அழகானது. கோல் வடிவான அந்த உயிரின் பக்கவாட்டில் நுண்துளைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. இடியப்ப உரலில் மா இறங்குகிற மாதிரி அந்தத் துளைகளால் சங்கிலிகள் வெளியே வரும். வந்த உடனேயே ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு நாடாவாகிவிடும். நாடாவின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இழையை விட்டபடியே பற்றீரியா நகரும், பக்கத்தில் உள்ளதும் நகரும், கோடிக்கணக்கில் நகர்ந்து பின்னிப் பின்னி ஒரு விரிப்பு உண்டாகும். அதற்கு ஒட்சிசன் இல்லாமல் முடியாது, அதனால்தான் எப்போதும் மேற்பரப்பில் கட்டும். காற்றுப் பக்கம் நெருக்கமாகவும் தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும். ஈரமாக எடுத்து நிறுத்தால் நூற்றுக்கு 98, 99 பங்கு தண்ணீர். அவ்வளவு தண்ணீரைப் பிடித்துக்கொண்டும் கையில் தூக்கினால் கிழியாது.

இன்னொன்று, பரீட்சைக்கு வராது, ஆனாலும் சொல்கிறேன். இந்தப் பற்றீரியா செலுலோசு செய்யத் தொடங்குவதற்கு உள்ளே ஒரு சிறு மூலக்கூறு சைகை கொடுக்கிறது என்று 1987 இல் ஜெருசலேமில் மோஷே பென்சிமானின் குழு கண்டுபிடித்தது. பெயர் சைக்ளிக் டை ஜி.எம்.பி. பிறகு பார்த்தால் அதே மூலக்கூறு எத்தனையோ நோய்க்கிருமிகளிலும் இருக்கிறது. ஒட்டிப் படலம் கட்டுவதா, நீந்திப் போவதா என்பதை அங்கும் அதுதான் முடிவு செய்கிறது. ஒரு வினாகிரிக் கிருமியைத் தோண்டப் போய்க் கிடைத்தது!

நிலாவெளிப் பக்கம் தேங்காய் உடைத்துக் கொப்பரா போடுகிறேன். முற்றின தேங்காய்த் தண்ணி முழுக்க மண்ணுக்குத்தான் போகுது. அதிலேயே இந்த மருத்துவப் படலத்தைச் செய்யலாமா அக்கா? முறையையும் எழுதுங்கோ.
வாசகர், நிலாவெளி

தம்பி, இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இப்போதைக்கு இல்லை.

ஆம் என்பது சாப்பாட்டுக்கு. பிலிப்பைன்சில் நாட்டா டி கோக்கோ என்று தேங்காய்த் தண்ணீரில் இந்த ஆடையைத் தடிப்பாக வளர்த்து, சதுரமாக வெட்டி, சீனிப்பாகில் போட்டு விற்கிறார்கள். நம் ஊர்ச் சுப்பர்மார்க்கட் ஜெலிக் கோப்பைகளுக்குள் கடிபடும் வெள்ளைத் துண்டுகள் அதுதான். அங்கே முதலில் அன்னாசியில்தான் செய்தார்கள். 1949 இல் தியோடுலா கலாவ் ஆஃப்ரிக்கா என்ற இரசாயனவியலாளர் தேங்காய்த் தண்ணீருக்கு மாற்றினார்.

உடைத்த அன்றைக்கே தண்ணீரை எடுக்க வேண்டும். இரவு வைத்தால் அது தன்பாட்டில் புளிக்கத் தொடங்கிவிடும். துணியில் வடித்து, கொதிக்க வைத்து, சீனி கரையுங்கள். நைதரசனுக்காகக் கொஞ்சம் அமோனியம் சல்பேற்று சேர்ப்பார்கள். அது உணவுத் தரத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும், உரக்கடை மூட்டையில் கை வைக்க வேண்டாம். அசற்றிக்கமிலம் விட்டு பி.எச். பெறுமானத்தை 4 க்கும் 4.5 க்கும் இடையில் கொண்டுவாருங்கள். அந்தப் புளிப்பில் வேறு கிருமி பல வராது. நன்றாக ஆறிய பிறகு, முந்தின தடவை வளர்த்த திரவத்தைப் பத்துக்கு ஒரு பங்கு அளவில் கலந்து, அகலமான தட்டுகளில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஊற்றி, துணியால் மூடிக் கட்டுங்கள். காற்று போக வேண்டும், பழ ஈ போகக் கூடாது. பிறகு தொடாதீர்கள். தட்டு ஆடினால் கட்டிய ஆடை சரிந்து கீழே போய்விடும், மேலே புதிதாக ஒன்று கட்டும். கடைசியில் ஏடு ஏடாகக் கழன்று வருகிற ஒன்றுதான் கிடைக்கும். ஒன்றரைக் கிழமையில் ஒரு சென்ரிமீற்றர் அளவு வரும். பாத்திரத்தின் ஆழம் இதில் பெரிதாக உதவாது, அகலம்தான் விளைச்சல்.

நம் ஊரில் பெரிய வில்லங்கம் சூடு. இதற்கு 28 முதல் 30 பாகை செல்சியஸ் பிடிக்கும். ஐரோப்பியர்கள் எழுதும் குறிப்புகளில் அறையைச் சூடாக்கச் சொல்வார்கள். நமக்கோ வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக் கொட்டிலுக்குள் 35 ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆடை மெல்லிசாகவும் ஓட்டையாகவும் வரும், சில நேரம் வரவே வராது. ஓட்டுக் கூரை, சீமெந்து நிலம், கிழக்கே யன்னல் உள்ள அறை கிடைத்தால் அதை எடுங்கள். வாடைக் காலத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை, பூஞ்சணம் மட்டும் கவனம்.

இல்லை என்பது மருத்துவத்துக்கு. தேங்காய்த் தண்ணீர் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. காயின் முற்றல், மரம் நின்ற மண், மழை, எல்லாவற்றுக்கும் சீனியும் கனியுப்பும் மாறும். ஜெலிக் கோப்பைக்கு அது பெரிய விஷயம் இல்லை. காயத்துக்குப் போடும் பொருளுக்கு, இந்த மாதத் தட்டும் அடுத்த வருடத் தட்டும் ஒன்றாக இருக்கிறது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். அதனால் அளந்து செய்த ஊடகத்தில்தான் வளர்ப்பார்கள். ஹெஸ்ற்றின், ஷ்ராம் என்ற இருவர் 1954 இல் எழுதிய கலவை இன்றும் ஓடுகிறது. ஒரு லீற்றருக்கு குளுக்கோசு 20 கிராம், பெப்டோன் (உடைத்த புரதம்) 5, ஈஸ்ட் சாறு 5, இருசோடியம் பொசுபேற்று 2.7, சித்திரிக்கமிலம் 1.15, பி.எச். 6. பெப்டோனும் ஈஸ்ட் சாறும் இறக்குமதி, விலை கையைச் சுடும். கிருமியும் போத்தலில் தானாக வந்தது போதாது. அமெரிக்கா, ஜேர்மனி, ஜப்பானில் உள்ள கிருமிச் சேமிப்பகங்களிலிருந்து பெயரும் இலக்கமும் உள்ள தனி வகையை அனுமதியோடு எடுப்பிக்க வேண்டும்.

இதைப் படித்து மனம் சோர வேண்டாம். எனக்கும் அந்தத் தண்ணீர் வீணாகப் போவது கவலைதான். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஜெலிக்குத்தான் செய்வேன். அதிலேயே கை சுத்தம் பழகும்.

வாப்பாவுக்கு சீனி வருத்தம். காலில் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. நான் வீட்டில் கொம்புச்சா (புளிக்க வைத்த தேத்தண்ணி) போடுகிறேன், அதன் ஆடையும் இதே செலுலோசுதான் என்று வாசித்தேன். அவித்து எடுத்துப் புண்ணில் வைக்கலாமா?
வாசகர், கிண்ணியா

வைக்கக் கூடாது. இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும் வரை காத்திராமல் அன்றைக்கே பதில் போட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

கொம்புச்சா ஆடையில் செலுலோசு உண்மைதான். அதோடு ஈஸ்ட் வகைகளும் வேறு பற்றீரியாக்களும் குடும்பமாகக் குடியிருக்கின்றன. அவித்தால் சாகும் என்கிறீர்கள். செத்த உடல் எங்கே போகும்? படலத்துக்குள்ளேயே இருக்கும். இந்த வினாகிரிப் பற்றீரியா கிராம் எதிர் வகை. அந்த வகையின் வெளிச்சுவரில் எண்டோரொக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டு. கிருமி செத்தாலும் அது சாகாது. கொதிக்க வைத்தாலும், ஆஸ்பத்திரி ஓட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலனில், 121 பாகையில் வைத்தாலும் போகாது. அதை அழிக்க உலர்ந்த சூட்டில் 250 பாகையில் அரை மணி நேரம் வைப்பார்கள், அந்தச் சூட்டில் படலமே பழுதாகிவிடும். இரத்தத்தில் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், அளவு கூடினால் இரத்த அழுத்தம் விழும். மூன்று மாதம் திறந்திருக்கும் புண்ணில் கொண்டுபோய் வைக்கிற பொருளா இது?

அதைவிட முக்கியம், வாப்பாவின் புண் ஆறாததற்குக் காரணம் நல்ல படலம் கிடைக்காதது அல்ல. இரத்தச் சீனி ஒன்று. பாதத்துக்கு இரத்தம் போய்ச் சேருகிறதா என்பது இரண்டு. உணர்ச்சி செத்த காலில் அதே இடத்தை மிதித்து மிதித்து நடப்பது மூன்று. எலும்புக்குள் கிருமி இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த நாலையும் பார்க்காமல் தங்கத்தில் படலம் செய்து வைத்தாலும் ஆறாது. கிளினிக் திகதிக்காக இருக்க வேண்டாம், மூன்று மாதப் புண்ணை இந்தக் கிழமையே சத்திரசிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். கால் சூடாகி, சிவந்து, மணம் வந்தால் அன்றைக்கே.

கொம்புச்சாவைக் குடிக்க விருப்பமென்றால் நீங்கள் குடியுங்கள். அதிலும் சீனி மிச்சமிருக்கும், வாப்பாவுக்கு வேண்டாம்.

2022 தட்டுப்பாட்டில் கோஸ் துணியை எண்ணி எண்ணிப் பாவித்த தாதி நான். இந்தப் படலம் கோஸை விட எதில் நல்லது? உண்மையான நோயாளிகளில் போட்டிருக்கிறார்களா, அல்லது எலியோடு நின்றுவிட்டதா?
தாதிய உத்தியோகத்தர், மூதூர்

மனிதரில் போட்டு வெகுகாலம். முன்னோடி பிரேசில். அங்கே 1980 களிலேயே பயோஃபில் என்ற பெயரில் காய்ந்த படலமாகச் சந்தைக்கு வந்தது. 1990 இல் வந்த பிரேசில் கட்டுரை ஒன்று 300 க்கும் மேற்பட்ட சிகிச்சைகளைச் சொல்கிறது: எரிகாயம், தோல் ஒட்டுவதற்கு வெட்டியெடுத்த இடம், நாட்பட்ட புண், உராய்ந்த காயம். பிறகு போலந்தில் முகத்து எரிகாயங்களுக்கு முகமூடியைப் போல ஒரே துண்டாக ஈரப் படலம் போட்டார்கள். அமெரிக்காவிலும் எக்ஸ்செல் என்ற பெயரில் வந்தது. மூளையின் மேலுறைக்கு மாற்றாகவும், ஜேர்மனியின் ஜேனாவில் டீற்றர் கிளெம் குழுவினர் சிறு இரத்தக்குழாய்க்கு மாற்றாகவும் முயன்றிருக்கிறார்கள்.

நீங்கள் கோஸ் கழற்றும்போது நோயாளி கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். துணி இழைக்குள் புதுத் தசை வளர்ந்து பிடித்துக்கொள்ளும், இழுத்தால் அதுவும் சேர்ந்து வரும். இந்தப் படலத்தின் துளைகள் மிக நுண்ணியவை, தசை உள்ளே நுழையாது, வெளியிலிருந்து பற்றீரியாவும் எளிதில் நுழையாது. காற்றும் நீராவியும் போகும். ஈரமான காயம் காய்ந்த காயத்தை விட வேகமாகத் தோல் மூடும் என்பதை 1962 இல் ஜோர்ஜ் வின்ரர் பன்றிகளில் காட்டினார். அதற்கு முன் காயத்தைக் காய விடுவதுதான் நல்ல வைத்தியம் என்று நினைத்தார்கள். ஈரத்தைப் பிடித்து வைப்பதில் இந்தப் பொருள் கெட்டிக்காரன். போட்ட உடனேயே வலி குறைகிறது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். மெல்லிய படலம் கண்ணாடி மாதிரித் தெரிவதால் கழற்றாமலே அடியில் பார்க்கலாம். வேலை முடிந்ததும், தோல் மூடிய இடத்தில் தானாகவே ஓரம் கழன்று வரும்.

குறையையும் சொல்ல வேண்டும். இது கிருமியைக் கொல்லாது. சீழ் உள்ள புண்ணை இதனால் மூடினால் சீழை மூடி வைத்தது போலாகும். அதனால்தான் வெள்ளி அல்லது பி.எச்.எம்.பி. என்ற கிருமிகொல்லி ஊட்டிய வகைகளும் வந்தன. காய்ந்த படலத்துக்கு இழுபடும் தன்மை குறைவு. முழங்கால், முழங்கை, விரல் மடிப்பில் சரியாக இருக்காது என்று அந்தப் பிரேசில் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. நிறைய நீர் வடியும் புண்ணிலும் ஈர வகை உதவாது. மனித உடம்பில் செலுலோசைச் செரிக்கும் நொதியம் இல்லை, அதனால் உள்ளே வைத்தால் கரையாமல் கிடக்கும். மேலே போடும் கட்டுக்கு அது பாதகமில்லை.

கோஸை இது ஒழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் வார்ட்டில் கோஸுக்கு எப்போதும் வேலை இருக்கும். எரிகாயம், தோல் எடுத்த இடம், சுத்தமான நாட்பட்ட புண், இந்த மூன்றிலும்தான் எனக்கு இதில் நம்பிக்கை.

நாங்கள் படலம் வளர்த்துவிட்டோம், ஆனால் மஞ்சள் நிறமாகவே இருக்கிறது. சோடியம் ஐதரொட்சைட்டில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?
பட்டதாரி மாணவர், கோணேசபுரி

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். வளர்ப்பதைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், கழுவுவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் ஓடும் தண்ணீரில் ஊடகத்தைக் கழுவுங்கள். பிறகு 0.1 முதல் 1 மோலார் சோடியம் ஐதரொட்சைட் என்ற காரத்தில், 80 முதல் 90 பாகையில், ஒரு மணி நேரம். கரைசல் தேத்தண்ணி நிறமாகும். ஊற்றிவிட்டுப் புதுக் கரைசல். நிறம் வராத வரை திரும்பத் திரும்ப. தடிப்பான படலத்துக்கு ஒரு தடவை போதவே போதாது, காரம் நடுவுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். இரவு முழுக்க மெல்லக் குலுக்கி வையுங்கள். கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் கட்டாயம். சூடான காரம் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். செறிவைக் கண்டபடி கூட்டவும் வேண்டாம். மிகச் செறிந்த காரத்தில் செலுலோசின் பளிங்கமைப்பே மாறிப் படலம் சுருங்கிவிடும்.

அதன் பிறகு தண்ணீர். நம் பக்கத்துக் கிணறுகள் பாதி சவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் காரத்தை எடுத்துவிட்டுக் கல்சியத்தை ஏற்றியதாகத்தான் முடியும். காய்ச்சி வடித்த தண்ணீரில், பி.எச். 7 க்கு வந்து மறுநாளும் 7 இலேயே நிற்கும் வரை. நடுவில் ஒளிந்திருக்கும் காரம் மெதுவாக வெளியே வரும், அதனால்தான் மறுநாள் பார்க்கச் சொல்கிறேன். கடைசிக் கழுவலுக்கு ஊசி மருந்துத் தரத் தண்ணீர். சாதாரண வடிநீர் கிடந்து கிடந்து தானே எண்டோரொக்சின் சேர்த்துவிடும்.

வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை. புரதம் மிச்சமா என்று பார்க்க வேண்டும். எண்டோரொக்சினுக்கு எல்.ஏ.எல். சோதனை, அத்திலாந்திக் கரையில் வாழும் குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுத்த பொருளால் செய்வது. இரத்த ஓட்டத்தோடு படும் சாதனத்துக்கு அமெரிக்க எல்லை ஒரு சாதனத்துக்கு 20 எண்டோரொக்சின் அலகு. மூளைத் தண்டுவடத் திரவத்தோடு படுவதற்கு 2.15. மேலே போடும் கட்டுக்கு அந்தக் கண்டிப்பு அப்படியே பொருந்தாது, ஆனாலும் நான் 20 ஐத்தான் குறியாக வைப்பேன். பெரிய எரிகாயத்தில் மேலே, உள்ளே என்று பிரித்துப் பேச முடியாது.

உலர்த்துவதில் அவசரம் வேண்டாம். வெயிலிலோ அடுப்பிலோ காய்ந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். திரும்ப ஊறப் போட்டாலும் பழைய தண்ணீரைப் பிடிக்காது. பயோஃபில் போலக் காய்ந்த படலம்தான் வேண்டுமென்றால் அது சரி. துளைகள் வேண்டுமென்றால் உறைய வைத்து உலர்த்த வேண்டும், அல்லது ஈரமாகவே பொதி செய்ய வேண்டும். ஈரமாகப் பொதி செய்து 121 பாகையில் ஓட்டோகிளேவ் செய்வதைப் படலம் தாங்கும். காமாக் கதிர் என்றால் வழக்கமான அளவு 25 கிலோகிறே. பியகமவில் அணுசக்திச் சபையின் காமா நிலையம் இருக்கிறது. ஆனால் கதிர் சங்கிலிகளை அங்கங்கே அறுக்கும், இழுவைப் பலத்தை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

இது ஹலாலா? வினாகிரி, மதுசாரம் என்றெல்லாம் எழுதுகிறீர்கள்.
வாசகி, கிண்ணியா

தீர்ப்புச் சொல்வது மௌலவியின் வேலை, நான் உள்ளதைச் சொல்கிறேன். பற்றீரியாவும் செலுலோசும் மிருகத்திலிருந்து வந்தவை அல்ல. விளைச்சல் கூட்டுவதற்காகச் சிலர் ஊடகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு எதனோல், அதாவது மதுசாரம், விடுவார்கள், விடாமலும் வளர்க்கலாம். கேட்க வேண்டியது பெப்டோனைப் பற்றி. அது பெரும்பாலும் இறைச்சியிலிருந்தோ பாலிலிருந்தோ எடுத்தது. எந்த மிருகம் என்று போத்தலில் எல்லா நேரமும் இருக்காது. சோயாப் பெப்டோனும் கிடைக்கிறது. நாங்கள் அதைத்தான் வாங்குகிறோம். சைவக்காரருக்கும் அதனால் சங்கடமில்லை.

சித்த மருத்துவம் படிக்கிறோம். மஞ்சள், வேம்பு, கற்றாழைச் சாறுகளை இந்தப் படலத்துக்குள் ஏற்றலாமா?
மாணவர்கள், திருகோணமலை வளாகம்

ஏற்றலாம், சுத்திகரித்த பிறகு. வளரும்போதே கலந்தால் மஞ்சளும் வேம்பும் கிருமிக்கே எதிரி, படலம் வராது. வந்தாலும் காரத்தில் உங்கள் மருந்து போய்விடும். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, எதனோலில் கரைத்து ஊற வைத்துப் பிறகு எதனோலைப் போக்க வேண்டும். எவ்வளவு ஏறியது, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு வெளிவருகிறது என்று அளக்காவிட்டால் ஆய்வென்று சொல்ல முடியாது. இன்னொன்று, வெறும் படலம் ஒரு சாதனம். மருந்து ஏறியதும் ஒழுங்குமுறைக்காரர் அதை வேறு கண்ணால் பார்ப்பார். முதலில் வெறும் படலத்தை ஒழுங்காகச் செய்யப் பழகுங்கள் பிள்ளைகள்.

ஆய்வெல்லாம் சரி. திருகோணமலையில் இருந்து இதை விற்றுக் காசு பார்க்க முடியுமா? நேராகச் சொல்லுங்கள்.
ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், உப்புவெளி

நேராக என்றால், காயத்துக்கு என்று விற்க இப்போதைக்கு முடியாது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவச் சாதனங்களும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ்தான் வருகின்றன. பதிவில்லாமல் விற்பது குற்றம். பதிவுக்குப் போக ஐ.எஸ்.ஓ. 13485 தரமுறை, ஐ.எஸ்.ஓ. 10993 படி உயிரணு நச்சு, ஒவ்வாமை, எரிச்சல் சோதனைகள், தூசு எண்ணும் சுத்த அறை, ஒவ்வொரு தொகுதிக்கும் பதிவேடு. தட்டும் சீனியும் செலவில் ஒரு மூலை. பெரிய செலவு இவைதான், அதோடு மின்வெட்டுக்குத் தாங்கும் குளிரூட்டி.

இருந்தாலும் சும்மா இருக்கச் சொல்லமாட்டேன். உணவுக்குச் செய்யலாம், ஹோட்டல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. முகத்துக்குப் போடும் அழகுத் தகடாகவும் இதே பொருள் உலகமெங்கும் விற்கிறது, அதற்கு வேறு விதிகள். 1989 இல் சொனி நிறுவனம் இதைக் காய வைத்து விலை கூடிய ஹெட்ஃபோனின் அதிர்தகடாகக் கூடப் பாவித்தது. மருத்துவத்துக்கு என்றால் கம்பஸும் ஆஸ்பத்திரியும் முதலிடுபவரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும், முதலிடுபவர் சில வருடம் இலாபம் கேட்காதவராக இருக்க வேண்டும். வங்கியில் இருந்தவர் நீங்கள், அப்படி ஒருவரைத் தெரிந்தால் எனக்கும் அறிமுகப்படுத்துங்கள். அதுவரை யாராவது லேபிளில் 'புண் ஆற்றும்' என்று ஒட்டினால் நான் முறைப்பாடு எழுதுவேன்.

தட்டில் ஒரு மூலையில் மட்டும் பச்சைப் புள்ளி. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுக்கலாமா?
வாசகி, தம்பலகாமம்

முடியாது. பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரிவதை விடத் தூரம் போயிருக்கும், அதன் வித்துகள் பக்கத்துத் தட்டுகளிலும் விழுந்திருக்கும். முழுத் தட்டையும் திறக்காமல் வெளியே கொண்டுபோய்க் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். மூடிய துணியைச் சோடாவில் அவியுங்கள். அந்தத் தட்டிலிருந்து எடுத்த திரவத்தை அடுத்த தடவைக்கு விதையாகப் பாவிக்க வேண்டாம். தயிர்ச் சட்டிகளை அடுக்கும் அதே அறையில்தான் இதையும் வைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்; முதலில் இரண்டையும் பிரியுங்கள்.